போனை வாங்கி வைக்கும் இடம்

பெங்களூரு
3 ஆகஸ்ட் 2025

என் செல்ல வாணிக்கு,

மது எழுதுகிறேன். அப்பா, அம்மா சுகமா? உன் விதைக் கம்பெனியில் நெல் எல்லாம் ஒழுங்காக முளைக்கிறதா?

நேற்று கால் மணி நேரம் போனில் பேசினோம். அதில் நீ சொன்னதெல்லாம் "ம்", "சரி", "அப்புறம்", அவ்வளவுதான். பசுமலைக் காலேஜில் படித்த காலத்திலும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்க மாட்டாய். சாயங்காலம் நாலு பக்கம் எழுதி என் புத்தகத்துக்குள் சொருகிவிட்டுப் போவாய். உன் வாய் எழுத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மெயில். நீயும் எழுதியே பதில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும். ஓய்வுக்குப் போக நினைப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் சுபாவத்துக்கு எந்த ஸ்பா பொருந்தும் என்று பார்த்து அனுப்பி வைக்கிறோம். வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தங்கல் இலவசம். அதை வேண்டியவர்களுக்கும் கொடுக்கலாம். இந்த வருஷத்து ஓய்வு உனக்கு.

வேண்டாம் என்று எழுதாதே. ஆனி மாதத்திலிருந்து நீ படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். எங்கள் அம்மா அண்ணாவின் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. நீ கூப்பிடக் கூடாது. சேதி எல்லாம் என் வழியாகத்தான். எங்கள் அப்பாவிடம் உங்கள் விஷயத்தைச் சொல்லப் போகிற அன்று அவன் உன்னைக் கூப்பிடுவான், நீ உடனே எங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், இதுதானே ஏற்பாடு? நீ பக்கத்தில் நின்றால்தான் குருபிரசாத் அண்ணாவுக்குத் தைரியம் வருமாம். நல்ல ஜோடி. இரண்டு பேருக்கும் வாய் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு உனக்கு ஓய்வு ஏது? அதற்கு முன்னால் ஒரு தடவை போய்வா.

எல்லாரிடமும் கேட்பதையே உன்னிடமும் கேட்கிறேன். தனியாகப் போகப் பிடிக்குமா, கூட்டமாகவா? மலையா, கடலா? காலையில் எழுந்து நடப்பாயா, படுத்துக் கிடப்பாயா? வைத்தியம் வேண்டுமா, சும்மா சுகம் போதுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: போகும்போது எதை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறாய்?

வெட்கப்படாமல் எழுது, அண்ணி.

உன்
மது


ஒத்தக்கடை
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதுவுக்கு,

வாணி எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அப்பா குத்தகைக்குப் பிடித்த வயலில் நாற்றுப் பாவியிருக்கிறார். கம்பெனியில் இந்த வாரம் மக்காச்சோளம். ஈரத்தாளில் வைத்துச் சுருட்டி, ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்த்து, முளைத்ததையும் முளைக்காததையும் பிரிப்பேன்.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நீ கடைசியில் எழுதிய அந்த ஒரு வார்த்தையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

வீட்டில் சொன்னதும் நடந்ததைக் கேள்.

"மது என்னைய ஒரு எடத்துக்கு அனுப்புறாம்மா. எண்ணெய் தேச்சு விடுவாங்களாம்."

"எதுக்கு? ஒனக்கு என்ன, கை கால் வெளங்கலையா?"

"வெளங்குது."

"அப்பறம் எவளோ எதுக்குத் தேச்சு விடணும்? எம்புட்டு எண்ணெ வேணும் சொல்லு, நான் தேக்கிறேன்."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "போகட்டும் தங்கப்பொண்ணு. நீ தேச்சா அது குளிப்பு. அவுக தேச்சா அது வேற."

இனி உன் கேள்விகள். பயணத்தில் என் பாணி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். இதுவரை நான் பஸ் ஏறியதெல்லாம் கல்யாணத்துக்கு, கேதத்துக்கு, பரீட்சைக்கு. ஓய்வு எடுப்பதற்காக ஒரு தடவையும் ஏறியதில்லை. அதனால் பாணி இருக்கிறதா என்றே தெரியவில்லை. தனியாக இருக்கப் பிடிக்கும், ஆனால் தனியாக இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது. கடல் வேண்டாம், பயம். மலை பிடிக்கும். சீக்கிரம் எழுந்துவிடுவேன். வைத்தியம் வேண்டாம். உடம்பில் ஒன்றுமில்லை, களைப்புத்தான்.

கடைசிக் கேள்விக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்கு என்ன ஆசை என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை மது. யாராலும் கூப்பிட முடியாத ஓர் இடத்துக்குச் சில நாள் போய்விட வேண்டும் போல இருக்கிறது. அம்மா, கம்பெனி, உன் அண்ணன் எல்லாரையும் விட்டுவிட்டு. எப்போது கூப்பிடுவார் என்று போனைக் கையில் பிடித்தபடியே தூங்கித் தூங்கிக் களைத்துவிட்டேன்.

ஆனால் அது சும்மா ஆசைதான். போன் என் கையில் இருந்தே ஆக வேண்டும். அவர் கூப்பிடும் அன்று நான் எடுக்காமல் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

பிரியமுள்ள
வாணி


பெங்களூரு
10 ஆகஸ்ட் 2025

என் செல்ல வாணிக்கு,

நானூறு பேருடைய பதில்களைப் படித்திருப்பேன். உன்னுடையதைப் போல ஒன்று வந்ததில்லை. தனியாக இருப்பதை யாரும் பார்க்கக் கூடாதாம்! கடைசிப் பதிலை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்று இடம் பார்த்திருக்கிறேன். முதலாவது கேரளத்தில், கடற்கரையிலிருந்து தள்ளி. ஆயுர்வேதம். காலையில் கஷாயம், மத்தியானம் கஞ்சி, வைத்தியர் சொல்வதுதான் சட்டம். ஒரு வாரத்துக்குக் குறைந்து சேர்க்க மாட்டார்கள். முட்டிவலிக்காரர்களும், மகன் அமெரிக்காவிலிருந்து பணம் கட்டி அனுப்பிவைத்த அப்பாக்களும் போகிற இடம்.

இரண்டாவது கொடைக்கானல். சுடுகல் வைத்துப் பிடித்துவிடுவார்கள், ரோஜா இதழ் போட்ட தொட்டியில் குளியல், ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டு. போன், டிவி எல்லாம் உண்டு.

மூன்றாவது சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து மேலே ஏற வேண்டும். வாழைத் தோப்புக்கு நடுவே பத்துக் குடில். பேச்சுக் குறைவு, சாப்பாடு எளிமை, எண்ணெய்க் குளியல், நடை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போதுதான் தருவார்கள். அதற்காகவே வருகிறவர்கள் நிறைய.

இடத்தின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் திரும்பி வந்து குறை சொல்வார்கள். நம் சுபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், தொழில் பாடம் இது. உன் பதிலைப் படித்தால் எது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் நீயே சொல்.

உன்
மது


ஒத்தக்கடை
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதுவுக்கு,

நலம். மனசுக்குப் பிடித்தது சிறுமலை. ஆனால் கொடைக்கானலே போகிறேன். போன் இருக்கிறது, அதனால்தான்.

ரோஜா இதழ் எல்லாம் எனக்கு எதற்கு என்று அவர்களிடம் சொல்லிவிடு. சும்மா தண்ணீர் போதும்.

எதை உடுத்திக்கொண்டு போவது? சுடிதார் போதுமா? சாப்பிடும் இடத்தில் ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டுமா? இதையெல்லாம் உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. சிரிக்காதே.

உன் அண்ணன் ஏதாவது சொன்னாரா? திருப்பரங்குன்றம் கோயிலில் போன மாதக் கார்த்திகை அன்று தூரத்தில் பார்த்தேன். உன் அம்மாவுடன் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பு விடும் இடத்தில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். பாவம், அம்மா பார்த்துவிடக் கூடாது என்றுதான். எனக்குப் புரிந்தது.

பிரியமுள்ள
வாணி


பெங்களூரு
17 ஆகஸ்ட் 2025

என் செல்ல வாணிக்கு,

கொடைக்கானல் வேண்டாம். உன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன், கேள். அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். நீ மட்டும் ஒரு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பரிமாறுகிறவன் "மேடம், சார் எப்ப வருவாரு?" என்று கேட்பான். நீ எழுந்து அறைக்குப் போய்விடுவாய். ஸ்பூனைப் பற்றிக் கேட்டாயே, அங்கே ஒரு ஸ்பூன் இல்லை, நாலு விதம். உனக்குத் தாங்காது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

சிறுமலையில் எல்லாரும் கையால் சாப்பிடுவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

போனைப் பற்றிப் பயப்படாதே. அப்பா நாளைக்குக் கும்பகோணம் போகிறார், பெரியப்பா வீட்டு வேலையாக. செப்டம்பர் ஏழாம் தேதிக்கு மேல்தான் வருவார். அவர் வந்த பிறகுதான் பேச்சு என்று அண்ணாவே என்னிடம் சொன்னான். அதற்கு முன்னால் அவன் உன்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. நீ சிறுமலைக்குப் போகிற சேதியை அவனிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 28 வியாழக்கிழமை முதல் 31 ஞாயிறு வரை பதிவு செய்தாகிவிட்டது. மாற்ற முடியாது. சுடிதார் போதும். அந்தப் பச்சைச் சுடிதார் எடுத்துப் போ, உனக்கு எடுப்பாக இருக்கும்.

போய், முகம் தெளிந்து வா. உன்னை அந்த முகத்தோடுதான் அப்பா பார்க்க வேண்டும்.

உன்
மது


சிறுமலை
29 ஆகஸ்ட் 2025, வெள்ளி சாயங்காலம்

அன்புள்ள என் மதுவுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். ரிசப்ஷனில் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவார்களாம். காலேஜ் நாட்கள் போல இருக்கிறது.

வாசலில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஒரு பெண் பித்தளைத் தட்டை நீட்டினாள். அதில் செவ்வந்திப் பூ. அதன்மேல் போனை வைக்க வேண்டும். துணிப்பையில் போட்டு, மஞ்சள் நூலால் கட்டி, நம் பேர் எழுதி உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற சிவகாசிக்காரர் விடவே இல்லை. "ஏம்மா, அவசரம்னா என்ன பண்றது? லோடு நடுரோட்டுல நின்னா நீயா போயி தள்ளுவ?" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "ஆபீஸ்ல லேண்ட்லைன் இருக்கு சார். நம்பர் பதிவு பண்ணுனவங்க கையில இருக்கும். அவசரம்னா அவங்க கூப்புடுவாங்க, நாங்க ஓடி வந்து சொல்லிருவோம்" என்றாள். பதிவு செய்தது நீ. எண் உன் கையில்தானே இருக்கிறது. அந்தத் தைரியத்தில் தட்டில் வைத்துவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி கை போனைத் தேடிக்கொண்டே இருந்தது. இன்று தேடவில்லை.

எண்ணெய் தேய்த்துவிட வந்த பெண் பெயர் கனகா. நிலக்கோட்டைக்காரி, என்னைவிடச் சின்னவள். நான் கண்ணை மூடிக்கொண்டு கூச்சத்தில் செத்தேன்.

"அக்கா, ஒடம்ப விடுங்க."

"விட்டுத்தான இருக்கேன்."

"எங்க விட்டிருக்கீங்க? வீட்டுக்குள்ள திருடன் பூந்த மாதிரி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. பல்ல வேற கடிக்கிறீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உடம்பு தானாக விட்டது. பாதத்தைத் தொட்டபோதுதான் திரும்ப வெட்கம். வயலில் நடந்து வெடித்த பாதம். இழுத்துக்கொண்டேன். "எங்க வீட்லயும் எல்லாருக்கும் இப்பிடித்தாங்க்கா" என்று அவள் பாட்டுக்குத் தேய்த்தாள். அழுதேன் மது. ஏன் என்று கேட்காதே. அவளும் கேட்கவில்லை. முகத்தின் மேல் ஒரு துண்டை மட்டும் போட்டுவிட்டாள்.

இப்போது தலை காய வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே சமவெளி முழுக்கத் தெரிகிறது. எந்தப் பக்கம் மதுரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் வீட்டை நினைத்தேன். உன் அப்பா முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முதல் தடவையாகப் பயம் வரவில்லை. அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன் போல இருக்கிறது. வாய் வந்துவிட்டது எனக்கு. நீ கொடுத்தது.

எனக்கு எது பொருந்தும் என்று என்னைவிட உனக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

என்றும் உன்
வாணி


ஒத்தக்கடை
1 செப்டம்பர் 2025

மது,

நேற்றுக் காலை போன் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறகு ஒன்றுமில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். நீயும் எடுக்கவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து, நம்மோடு படித்த சரண்யாதேவி போட்டிருந்த படங்களைப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கூடம். தட்டுத் தட்டாகப் பழம். உன் அப்பா நடுவில் உட்கார்ந்திருக்கிறார், கும்பகோணத்தில் இல்லை. உன் அண்ணன் பட்டு வேட்டியில். பக்கத்தில் ஒரு பெண், கீழே ஸ்ரீஜா என்று பெயர். அவள் கையை நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

சரண்யாவைக் கூப்பிட்டேன்.

"ஏன்டி, நிச்சயத்துக்கு நீ வரலையேன்னு நாந்தான் கேட்டேன். 'வாணியா? அவ ஸ்பாவுல படுத்திருக்கா. அவளுக்கு இப்ப நம்மள எல்லாம் கண்ணு தெரியுமா?'ன்னு மது சொன்னா. எல்லாரும் சிரிச்சோம். அவ அம்மா ஸ்யாமளா ஆன்ட்டி ரொம்பச் சிரிச்சாங்க."

"அவங்க அண்ணன்?"

"அவரு சிரிக்கல. மாப்பிள்ளைன்னா கொஞ்சம் உம்முன்னுதான இருப்பாங்க."

பஸ் மாட்டுத்தாவணிக்கு வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து எழுப்பிவிட்டார். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்த லேண்ட்லைன் எண் உன்னிடம் இருந்ததா? இது ஒன்றுக்குப் பதில் எழுது.

வாணி


பெங்களூரு
5 செப்டம்பர் 2025

என் செல்ல வாணிக்கு,

இருந்தது.

உன்னிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கும்பகோணம் போகிறார் என்றது பொய். 29ஆம் தேதி ஸ்ரீஜா வீட்டார் வருவது எனக்கு ஜூலையிலேயே தெரியும். அண்ணாவுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் சொன்னார்கள். அவன் மாடிக்குப் போய் உன்னைக் கூப்பிட்டான். கிடைக்கவில்லை. என்னிடம் வந்து நின்றான். உன் கடிதத்தைக் காட்டினேன். யாராலும் கூப்பிட முடியாத இடத்துக்குப் போக வேண்டும், அண்ணா உட்பட எல்லாரையும் விட்டுவிட்டு என்று நீதானே எழுதினாய்? அதற்கு அடுத்த வரிகளை நான் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

உன்னை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். பக்கத்து பெஞ்சில் பிடிக்கும், கடிதத்தில் பிடிக்கும். எங்கள் பூஜை அறை வாசலில் நீ நின்றால் பிடிக்குமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை. இப்படி இருக்கிறேனே என்று எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் பிடிக்காததைப் பிடிக்கிறது என்று எத்தனை நாள் சொல்வது? "அண்ணி" என்று எழுதும்போதெல்லாம் கை கூசியது.

அப்பாவுக்கு நேராக நீ வந்து நின்று, அவர் உன் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அம்மா அழுது, உன்னை வெளியே அனுப்பி, அதையெல்லாம் நீ தாங்கியிருக்க மாட்டாய். அந்த நேரத்தில் நீ மலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாய். உன் கடிதம் வந்தது. அழுதேன் என்று எழுதியிருந்தாய், கண் கலங்கிவிட்டது. ஏமாற்றத்தானே போகிறோம் என்று ஏதோ ஓர் இடத்துக்கு அனுப்பவில்லை வாணி. உன் சுபாவத்துக்கு எது பொருந்துமோ அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஓர் உதவி வேண்டும். அண்ணா சரியாகத் தூங்குவதில்லை. முந்தாநாள் ஸ்ரீஜாவின் அம்மா "மாப்ளைக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார். ஐப்பசியில் கல்யாணம். நீயாகவே விலகிக்கொண்டாய், உனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று அவனுக்கு நாலு வரி எழுதிக் கொடு. உன் கையெழுத்தில் இருந்தால் நம்புவான். நீ எழுதினால் எவ்வளவு அழகாக எழுதுவாய் என்று எனக்குத்தான் தெரியுமே.

உன்
மது


ஒத்தக்கடை
14 செப்டம்பர் 2025

மதுவந்திக்கு,

நாலு வரி கேட்டு எழுதியிருந்தாய். அதைக் கேட்க உன் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, கம்பெனி விடுகிற நேரம். வாட்ச்மேன் முத்திருளன் அண்ணன் உள்ளே வந்தார். "பாப்பா, கார்ல ஒருத்தரு வந்து ஒன்னையக் கேக்குறாரு. எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்குறாரு. போலீஸா?"

போனேன். கண்ணாடியைப் பாதி இறக்கினார். மெலிந்துதான் இருக்கிறார்.

"உள்ள ஏறு வாணி. யாராச்சும் பாத்துருவாங்க."

"பரவாயில்ல. இங்கயே சொல்லுங்க."

"மது எல்லாத்தையும் சொல்லிட்டா. போன வாரம் சண்ட போட்டேன், அப்பத்தான் சொன்னா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத் தெரியும்."

இதற்காகத்தான் வந்தார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது. கார் கதவில் கைகூட வைத்துவிட்டேன்.

"அதான்... நீ ஒரு நாலு வரி எழுதிக் குடுத்திட்டா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். நீயாத்தான் போனேன்னு. தூக்கமே வரமாட்டேங்குது வாணி."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"தெரியும். ஆனா கையில ஒண்ணு இருந்தா எடுத்துப் பாத்துக்குவேன்."

நான் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவரே பேசினார். நிச்சயத்தன்று என்னைத் தேடி வரத்தான் நினைத்தாராம். கார் சாவி உன் அப்பாவிடம் இருந்ததாம்.

"பஸ் ஓடுச்சே" என்றேன்.

"வந்திருப்பேன். வந்து எங்கன்னு தேடுறது?"

"எங்க வீடு எங்க இருக்குன்னு தெரியாதா?"

"ஒத்தக்கடைதான?"

"ஒத்தக்கடையில எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக என்னைக் கல்லூரி நிறுத்தத்தில், கோயில் வாசலில், டவுன்ஹால் ரோட்டில் பார்த்தவர். எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை. யானைமலையைக் காட்டி, "அந்தப் பக்கமா?" என்று கேட்டார். மலையின் எந்தப் பக்கத்தைச் சொன்னாரோ.

அப்போதுதான் உன்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாய். கேள்வி கேட்டு, மூன்று இடம் பார்த்து, கொடைக்கானலுக்கு நான் போகாமல் இருக்க நாலு விதம் ஸ்பூன் சொல்லி, அப்பாவைக் கும்பகோணத்துக்கு அனுப்பி. ஒன்றும் தேவையிருக்கவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவர் கூப்பிட்டிருப்பார், நான் ஓடி வந்து பக்கத்தில் நின்றிருப்பேன். உன் அப்பா ஒரு தடவை தொண்டையைக் கனைத்திருப்பார். உன் அண்ணன் செருப்பைத் தேடுவது போலக் குனிந்திருப்பார். அத்தோடு முடிந்திருக்கும். உன் கை சுத்தமாக இருந்திருக்கும். நான் அழுதுகொண்டு உன்னிடம்தான் வந்திருப்பேன், நீ என்னைத் தேற்றியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க நான் உன்னை நல்லவள் என்றே நினைத்திருப்பேன்.

இப்போது நீ எனக்கு இல்லை. நானும் உனக்கு இல்லை. உன் அண்ணன் உனக்கு இருக்கிறார். காரைக் கிளப்பும்போது அவர் கடைசியாகச் சொன்னது, "மது இப்படிப் பண்ணலைன்னா நான் கண்டிப்பா உன் பக்கம் நின்னிருப்பேன்" என்பது. இதை இனி எல்லா வருஷமும் சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் உன்னிடம், அப்புறம் ஸ்ரீஜாவிடம். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் அதை நம்பட்டும். நீயும் கேட்டுக்கொண்டே இரு.

நீ கேட்டது எழுத எனக்கு நாலு வரிகூட வேண்டாம். ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருப்பேன், அவர் அன்றைக்கே தூங்கியிருப்பார். பேனாவையும் எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

அவர் தூங்க வேண்டாம்.

இசைவாணி